பதினோராவது சத்தம்

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்த பிறகுதான் ஹேமாவதி தற்செயலாக மேலே பார்த்தாள். குவாரியின் மூன்றாம் படியில் அவளுடைய மாமனார் நல்லகண்ணு குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளிப் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடப்பாரையும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. கொஞ்சம் மண் எடுப்பார், அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றுவார், அது உள்ளே இறங்கும்வரை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு மறுபடி விரல்களால் தோண்டுவார். உச்சி வெயில். தலையில் துண்டுகூட இல்லை.

காவலுக்கு இருக்கிற மனிதர் அங்கே என்ன செய்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆடு மாடு மரக்கன்றுகளைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அதற்கு முன்னால், குவாரி ஓடிய காலத்தில், இருபத்திரண்டு வருஷம் இதே இடத்தில் அவர் வெடிகாரராக இருந்தவர். பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து, ஊரை விலக்கி நிறுத்தி வெடிக்கவைப்பது அவர் பொறுப்பு. ஆண்டிபட்டிக்குத் தெற்கே இந்தக் கரட்டில் பாதி அவர் கையால்தான் ஜல்லியாகித் தேனிக்கும் மதுரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். அவர் கையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

குத்தகை முடிந்து குவாரியை மூடி நான்கு வருஷம் ஆகிறது. மூடினால் மட்டும் போதாது, தோண்டிய நிலத்தைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது விதி. மூன்று நோட்டீஸ் வந்த பிறகுதான் பழைய குத்தகைக்காரர்கள் ஒரு கம்பெனியிடம் அந்த வேலையை விட்டார்கள். தண்ணீர் தேங்கிக் கிடந்த பெரிய பள்ளத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்தாயிற்று. கரட்டை மேலிருந்து கீழாகப் பெரிய பெரிய படிகளாக வெட்டியிருந்ததால், ஒவ்வொரு படியிலும் கண்மாய் வண்டலைக் கொட்டிப் பரப்பி மரம் வைக்க வேண்டும். ஹேமாவதியும் அவளுக்குக் கீழே பதினொரு பெண்களும் ஐந்து மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். முதல் மாதம் வைத்ததில் பாதிக் கன்று கருகிப்போனது. கல்லின் சூடு வண்டலையும் தாண்டி வேரைச் சுட்டது. தேங்காய் மட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குழிக்கு அடியில் கவிழ்த்து வைக்கலாம் என்று சொன்னது ஹேமாவதிதான். அதற்கப்புறம் புங்கனும் வேம்பும் பிடித்துக்கொண்டன. உசிலைக்கன்றுகள் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்னால் அவள் ஒரு சுற்றுப் போய் இலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அதற்கு யாரும் கூலி தருவதில்லை. செய்யாவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடாது.

மூன்று நாளாகவே மாமனார் சரியாக இல்லை. மூன்றாம் படியில் அடுத்து மரம் வைக்கப்போகிறார்கள், குழி தோண்டும் மெஷின் திங்கட்கிழமை வருகிறது என்று அவள் வீட்டில் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வெறும் பாறைதான், ஒன்றும் முளைக்காது, அந்தப் படியை விட்டுவிடச் சொல் என்று இரண்டு தடவை சொன்னார். கண்மாய் மண் போட்டாயிற்று, முளைக்கும் மாமா என்று அவள் பதில் சொன்னாள். அவர் எழுந்து போய்விட்டார்.

சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு அவள் சரிவு வழியாக மேலே ஏறினாள். கீழே, பெண்களில் மூத்தவளான அன்னத்தாய் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரிப்பது கேட்டது. மூன்றாம் படிக்குக் கால் எடுத்து வைத்தபோது நல்லகண்ணு திரும்பிப் பார்த்தார். வாயோரம் மண் ஒட்டியிருந்தது.

"அங்கனயே நில்லு ஆத்தா. கிட்ட வராத."

அவள் நின்றாள். மாமனார் அவளிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில், குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட அவர் பேரனிடம் சொல்லித்தான் அவளுக்குச் சொல்வார்.

அங்கே நின்றபடியே அவள் கேட்க, உட்கார்ந்தபடியே அவர் சொன்னார். சொல்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. குத்தகையின் கடைசி நாள், மார்ச் முப்பத்தொன்று. மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்து கேட்டைப் பூட்டப்போகிறார்கள். அதற்குள் எடுக்கிற கல்லை எடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் சாயங்காலம் நான்கு மணிக்கு இந்தப் படியில் ஒரு வரிசை வைக்கச் சொன்னார். பதினொரு துளை. எல்லாவற்றிலும் மருந்து வைத்து, விசில் ஊதி, ஆட்களை விலக்கி, வெடிக்கவைத்தாயிற்று. சத்தத்தை எண்ணுவது அவருடைய பழக்கம்.

"பதினொண்ணு வச்சேன் ஹேமா. பத்துத்தான் கேட்டுச்சு."

சில சமயம் இரண்டு சேர்ந்து ஒரே சத்தமாக வெடிக்கும். அப்படித்தான் இருக்கும் என்று மேனேஜர் சொன்னார். இருக்கலாம் என்று இவருக்கும் தோன்றியது. புகை அடங்கிய பிறகு ஒவ்வொரு துளையாகப் போய்ப் பார்ப்பதுதான் முறை. சந்தேகம் இருந்தால் யாரையும் கிட்டே விடக்கூடாது. ஆனால் பெயர்ந்த கல் மலைபோல் கிடந்தது, பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, மேல்கல்லை மட்டும் அள்ளிக்கொண்டு லாரிகள் போய்விட்டன, ஏழு மணிக்கு புல்டோசர் வந்து மேலேயிருந்த கழிவு மண்ணையெல்லாம் இந்தப் படியில் தள்ளி மூடிவிட்டது. எல்லாத் துளையும் வெடித்தது என்று மேனேஜர் புத்தகத்தில் எழுதி நீட்டினார். நல்லகண்ணு கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு சேந்துதான் வெடிச்சிருக்கும்னு நாலு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். யாரிடம் என்று அவள் கேட்கவில்லை.

அந்த மருந்து இன்னும் வெடிக்குமா என்று மட்டும் கேட்டாள். ஈரத்தில் செத்துப்போயிருக்கலாம், சாகாமலும் இருக்கலாம் என்றார். சும்மா கிடந்தால் கிடக்கும். இரும்பு இடித்தால் சொல்ல முடியாது. எந்த இடம் என்று தெரியுமா என்றாள். அவர் படியின் நீளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முப்பது நாற்பது அடி இருக்கும். அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு கல்லும் மிச்சமில்லை.

"ஏழாவதுன்னு நெனைக்கிறேன். அந்தச் சத்தந்தான் கொறஞ்சாப்ல இருந்துச்சு." பிறகு குரல் தணிந்தது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு ஆத்தா. தண்ணி விட்டு மெல்ல நானே எடுத்துர்றேன். வெளிய தெரிய வேணாம்."

அவள் இறங்கினாள். ஏறி வந்த தன் காலடித் தடங்களின்மேலேயே கால் வைத்து இறங்குகிறோம் என்பதைப் பாதிச் சரிவில்தான் கவனித்தாள்.

கீழே பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் மூன்றாம் படியில் குழிக்கு அடையாளக் குச்சி நடுவதாக இருந்தது. மேலே வெயில் அதிகம், இரண்டாம் படியிலேயே விட்டுப்போன குழிகளை வெட்டிவிடலாம் என்று ஹேமாவதி சொன்னாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாம் படி மூன்றாம் படிக்கு நேர் கீழே இருந்தது. மேலேயிருந்து சரிந்த மண் அங்கேயும் கிடந்தது. அந்த மண்ணோடு வேறென்ன சரிந்து வந்திருக்கும் என்ற நினைப்பு, பெண்கள் கடப்பாரையைத் தூக்கிய பிறகுதான் அவளுக்கு வந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். கையை நிறுத்துங்கள், எல்லோரும் கீழே வாருங்கள் என்று ஐந்து வார்த்தை போதும். வாய்வரை வந்ததை அவள் இரண்டு தடவை விழுங்கினாள். சொன்னால் உடனே கேட்டை மூடிவிடுவார்கள். பதினொரு வீட்டுக்கும் வேலை போகும். கன்றுகளுக்குத் தண்ணீர் விட ஆள் இருக்காது, மழை தொடங்க இன்னும் இருபது நாளாவது ஆகும். இதெல்லாம் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அடியில் கிடந்த காரணம் அவளுக்குத் தெரியும். அறுபத்து மூன்று வயதுக்காரரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவார்கள். அவள் வாயால் ஏற்றுவார்கள். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருக்கும் அவள் புருஷன் மதன்குமார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறவன், வந்ததும் அப்பாவின் கட்டிலில் போய்த்தான் முதலில் உட்காருவான். அவனுக்கு இதை எப்படிச் சொல்வது?

ஐந்து மணிவரை கடப்பாரைகள் விழுந்துகொண்டிருந்தன. மண்ணில் விழும்போது மொத்தென்று ஒரு சத்தம், கல்லில் பட்டால் ணங்கென்று ஒரு சத்தம். ஒவ்வொரு ணங்குக்கும் அவள் பல்லைக் கடித்தாள். அன்னத்தாய் ஒரு பெரிய கல்லைப் பெயர்க்க ஓங்கி ஓங்கிக் குத்தினாள். ஹேமாவதி போய்க் கடப்பாரையை அவள் கையிலிருந்து வாங்கி, இந்தக் குழி வேண்டாம் அத்தை, தள்ளி வெட்டுவோம் என்றாள். உனக்கு என்னமோ ஆகிவிட்டது இன்றைக்கு என்று அன்னத்தாய் சிரித்தாள்.

வீட்டில் அவர் குளித்துவிட்டு, நகக்கண்ணில் இன்னும் மண்ணோடு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பேரன் படித்துக்கொண்டிருந்ததால் இருவரும் மெதுவாகப் பேசினார்கள். நீங்களே சூப்பர்வைசர் மேடத்திடம் சொல்லிவிடுங்கள், நீங்களாகச் சொன்னால் அது வேறு என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டு இடம் தோண்டியாயிற்று, இல்லை, நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன் என்றார். பார்த்துவிட்டு? பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்றார்.

காலையில் அவள் எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. குடத்தையும் காணோம். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கி, அவள் குவாரி ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டு ஒதுங்கினாள். பின்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு, திருகாணி போல ஓர் இரும்பு தொங்கிக்கொண்டு போனது. ஓட்டுகிற கார்த்திக்ராஜ் வேகத்தைக் குறைத்து, போடியில் மாந்தோப்பு வேலை தள்ளிப்போய்விட்டது, அதனால் திங்கட்கிழமைக்குப் பதில் இன்றைக்கே அனுப்பிவிட்டார்கள், ஏறிக்கொள்ளுங்கள் அக்கா என்றான். இரும்பின் முனையில் பழைய மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் ஏறவில்லை. அவன் போன பிறகுதான், ஏறியிருந்தால் அவனிடமாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அவள் ஓடத் தொடங்கினாள்.

கேட்டைத் தாண்டியபோது டிராக்டர் மூன்றாம் படியில் ஏறி நின்றிருந்தது. சூப்பர்வைசர் ஜெபஷீலா போனைக் காதில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். அல்லிநகரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிற, முப்பது வயதுகூட ஆகாத பெண். அடுத்த வெள்ளிக்கிழமை அதிகாரிகள் பார்வையிட வரும்போது மூன்றாம் படி பச்சையாக இருக்க வேண்டும் என்று கம்பெனியில் அவளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். படியின் நடுவில், நேற்றுத் தோண்டிய பள்ளத்தின்மேல், நல்லகண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மாமாவ எழுந்திரிக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் ஜெபஷீலா. "அரை மணி நேரமா உட்கார்ந்திருக்காரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு."

இங்கே இன்றைக்குத் தோண்ட வேண்டாம் மேடம் என்று ஹேமாவதி மூச்சு வாங்கச் சொன்னாள். ஏன் என்றாள் ஜெபஷீலா. மண் சரியில்லை என்றாள் ஹேமாவதி. மண் கொட்டும்போது நீங்கள்தானே பக்கத்தில் நின்று பார்த்தீர்கள் என்றாள் ஜெபஷீலா. அது உண்மைதான்.

"காரணம் இல்லாம மெஷினத் திருப்பி அனுப்ப முடியாதுக்கா. எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க."

ஹேமாவதி மாமனாரைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மிக லேசாக, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாத அளவுக்கு, இல்லை என்று ஆட்டினார். ஏழாவது துளைமேல் தான் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். ஏழாவதுதான் என்று அவருக்கே நிச்சயமில்லை என்பது அங்கே இருந்தவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குள் கார்த்திக்ராஜுக்குப் பொறுமை போய்விட்டது. பெரியவர் உட்கார்ந்திருக்கட்டும் மேடம், நான் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், இங்கே வருவதற்குள் அவரே எழுந்துவிடுவார் என்று வண்டியை வடக்கே எடுத்துப்போனான். ஜெபஷீலா சரியென்று கையை ஆட்டிவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்தாள். இரும்பு சுற்றத் தொடங்கியது. மெல்ல இறங்கி மண்ணைத் தொட்டது. கறுப்பு வண்டல் இரண்டு பக்கமும் பூப்போலப் பிரிந்து விழுந்தது.

ஹேமாவதி கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வண்டலுக்குக் கீழே இருந்த வெளிறிய கழிவு மண் மேலே வர ஆரம்பித்தது. அவள் வடக்கே ஓடினாள். காலடியில் என்ன இருக்கிறது என்பது ஓடும்போது நினைவில் இல்லை. டிராக்டருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். கார்த்திக்ராஜ் பதறி நிறுத்தினான். இன்ஜின் அணைந்ததும் கரட்டின் மொத்த அமைதியும் ஒரேயடியாக வந்து இறங்கியது.

"மருந்து இருக்கு" என்றாள். அந்த அமைதியில் அது கீழேவரை கேட்டது. "வெடிக்காத மருந்து இந்தப் படிக்குள்ள இருக்கு. எங்கனன்னு தெரியாது. எங்க மாமா வச்சது. அவுகளே சொன்னாக."

ஜெபஷீலாவின் கையிலிருந்த போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு கடப்பாரை கல்லில் விழுந்து உருண்டது. கார்த்திக்ராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல், தன் கால்களையே பார்த்தான்.

அப்போது நல்லகண்ணு எழுந்தார். முழங்காலில் கை ஊன்றி, நிமிர்ந்து, டிராக்டர் வந்த தடத்தைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு அந்தக் குவாரியில் இருபத்திரண்டு வருஷம் ஒலித்த குரல் வந்தது.

"யாரும் ஓடாதீக. வண்டிய எடுக்க வேணாம், இரும்பத் தூக்க வேணாம். தம்பி, டயர் தடத்துல கால் வச்சு எறங்கு. மேடம், நீங்க அவன் பின்னால. ஹேமா, நீ கடைசி."

ஒருவர் பின் ஒருவராக அந்தத் தடத்திலேயே நடந்து இறங்கினார்கள். எல்லோரும் கீழே போய்ச் சேரும்வரை அவர் மேலேயே நின்றார். அவளைத் தாண்ட விட்டபோது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதன்பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மத்தியானத்துக்குள் போலீஸ் வந்தது. மூன்று மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். ஜெபஷீலா, கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தும், நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். பழைய மேனேஜர் கேரளாவில் எங்கேயோ இருப்பதாகவும், தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்வதாகவும் தகவல் வந்தது. புத்தகம் மட்டும் பத்திரமாக இருந்தது. எல்லாத் துளையும் வெடித்தது என்ற வரிக்குக் கீழே நல்லகண்ணுவின் கையெழுத்து, கோணல் இல்லாமல், திருத்தமாக இருந்தது. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். மதன்குமார் மறுநாள் விடியும்போது வந்து, ஒரு வக்கீலைப் பிடித்து, நான்கு நாள் அலைந்து ஜாமீனில் எடுத்தான். தினமும் காலை பத்து மணிக்கு ஆண்டிபட்டி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. மதன்குமார் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவள் கேட்டாள். அவன் ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு வெளியே போனான்.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து வந்த ஆட்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆட்களை ஒரு மைல் தள்ளி நிறுத்தி வெடிக்கவைத்தபோது வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. மருந்து செத்துப்போகவில்லை. நல்லகண்ணு ஜாமீனில் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் கார்த்திக்ராஜ் தேடி வந்தான். வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கட்டிலில் படுத்திருந்த நல்லகண்ணு எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"எத்தனாவது?"

வடக்கேயிருந்து மூன்றாவது என்றான் கார்த்திக்ராஜ். அவன் முதலில் இரும்பை இறக்கிய இடம். இரும்பு ஒன்றரை அடி இறங்கியிருந்தது, அதற்குக் கீழே ஒரு முழம்கூட இல்லை என்று சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவன் ஹேமாவதியைப் பார்த்துக் கும்பிட்டான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். வெளியே மாமனார் மூன்று, மூன்று என்று தனக்குள் சொல்லிக்கொள்வது கேட்டது.

ஊரில் சிலர் அவளைப் புகழ்ந்தார்கள். மாமனாரைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அன்னத்தாயை மட்டும் எதிர்பார்க்கவில்லை. தெருக்குழாயில் இரண்டு பேர் மட்டும் இருந்த ஒரு மத்தியானம், நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றாமல் அப்படியே வைத்துவிட்டு அன்னத்தாய் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏத்தா, ஒன்னய ஒண்ணு கேக்கணும். மொத நா மத்தியானமே ஒனக்குத் தெரியும்ல?"

ஹேமாவதி ஆமாம் என்றாள்.

"அப்பறம் அஞ்சு மணி வரைக்கும் எங்களக் குத்தவிட்டுப் பாத்துக்கிட்டு நின்ன."

குழாய்க்கடியில் ஹேமாவதியின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இரண்டாம் படிக்கு மாற்றினேனே என்று சொல்ல நினைத்தாள். உன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினேனே என்று சொல்ல நினைத்தாள். அன்னத்தாய் எதற்காகவும் காத்திருப்பதுபோல் தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்பதுபோலக் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் முழங்கைக்குக் கீழே தசை லேசாக ஆடிக்கொண்டு போவதை ஹேமாவதி பார்த்தாள். அந்தக் கை அன்று ஓங்கிய ஒவ்வொரு ஓங்கலும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து மாமனாரின் கட்டிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளால் அவரைப் பழையபடி, தான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் என்று, நினைக்க முடியவில்லை. அவருக்கு நான்கு வருஷம், தனக்கு ஒரு மத்தியானமும் ஓர் இரவும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றும். இல்லை, அது பெரிய வித்தியாசம் என்றும் தோன்றும்.

குவாரி கேட் பதினெட்டு நாள் பூட்டிக் கிடந்தது. மழை வரவில்லை. ஜெபஷீலா யார் யாரிடமோ பேசி, கீழ்ப் படிக்கு மட்டும், தண்ணீர் விட மட்டும், இரண்டு பேருக்கு அனுமதி வாங்கினாள். ஒரு ஆள் நீங்கள்தான் அக்கா, இன்னொருவரை நீங்களே கூட்டி வாருங்கள் என்று போனில் சொன்னாள். ஹேமாவதி அன்னத்தாய் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அன்னத்தாய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எத்தனை மணி பஸ் என்று மட்டும் உள்ளேயிருந்து கேட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஹேமாவதி இரண்டு பிளாஸ்டிக் வாளியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். ரோட்டை அகலப்படுத்தியபோது நிழற்குடையை இடித்துவிட்டார்கள். மேடைமேல் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு ரோட்டோரம் விழுந்திருந்தது. அதில் ஏற்கெனவே நல்லகண்ணு நின்றிருந்தார். சலவை செய்த சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. குவாரி ரோட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரே பஸ்தான், ஒன்பதேகாலுக்கு. வீட்டிலிருந்து அவர் முன்னால் கிளம்பியிருந்தார், அவள் வேறு தெரு வழியாக வந்தாள். இரண்டு வாரமாக அவர் அவளிடம் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார்.

அவள் வெயிலில் நின்றாள். தெருக்கோடியைப் பார்த்தாள். அன்னத்தாய் வீட்டுப் பக்கம் யாரும் தெரியவில்லை. ஒரு கோழி குறுக்கே நடந்து போனது. ஒரு டிப்பர் லாரி எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் படபடக்க, ரோடு அதிரத் தாண்டிப் போனது. புழுதி அடங்கியபோது நல்லகண்ணு ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து வெயிலுக்குள் நின்றுகொண்டிருந்தார். முகம் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே இருந்தது. தொட்டி நிழலில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. தொட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் அந்த இடத்தில் மண்ணைக் கறுப்பாக நனைத்துக்கொண்டிருந்தது. ஹேமாவதி வாளிகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.